வேலூருக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, மெஸ் அக்கா எழுதுவது

காட்பாடி காந்தி நகரில் 2006லிருந்து மெஸ் நடத்துகிறேன். கீழே சாப்பாடு, மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு. சாப்பிட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படிக்கிற பிள்ளைகள். நானும் இந்த ஊரில்தான் படித்தேன். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ஒரு மகளிர் கல்லூரியில் பி.ஏ. முடித்தேன். அதனால் கல்லூரி கேட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் மனசும் தெரியும், வெளியே இருப்பவர்கள் மனசும் தெரியும்.

வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வந்த முதல் வாரத்தில் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "அக்கா, இங்க சுத்திப் பாக்க என்ன இருக்கு?" கோட்டை, ஸ்ரீபுரம் தங்கக் கோயில், ஏலகிரி என்று சொல்வேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் மூன்றையும் முடித்துவிட்டு, "அவ்ளோதான், இந்த ஊர்ல ஒண்ணும் இல்ல" என்று ரூமில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் நான்கு வருடமும் கேட், மெஸ், ரூம், காட்பாடி ஸ்டேஷன். இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: எங்கே போனாலும் முதல் தடவை நீங்கள் வெறும் ஆள். அதே இடத்துக்கு, அதே மனிதரிடம் இரண்டாவது தடவை போனால்தான் முகம் பழகும். எப்படிப் போவது என்று சொல்கிறேன்.

முதலில் பஸ்

ஷேர் ஆட்டோவும் செல்போன் ஆட்டோவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், காட்பாடி ஸ்டேஷன் பக்கம் 1ஆம் நம்பர் அல்லது 2ஆம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறி, பாகாயம் வரை இறங்காமல் போய் வாருங்கள். இந்த ஊர் மொத்தமும் அந்த ஒரு ரூட்டில் வந்துவிடும். ஓடைப் பிள்ளையார் கோயில், சித்தூர் பஸ் ஸ்டாண்ட், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கோட்டை, பெரிய ஆஸ்பத்திரி, ஜெயில் இருக்கிற தொரப்பாடிப் பக்கம், கடைசியில் மருத்துவக் கல்லூரி இருக்கிற பாகாயம். அரசு ஓட்டுகிற சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் இலவசம். கண்டக்டர் கொடுக்கும் சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், செக்கிங் வந்தால் காட்ட வேண்டும்.

பாலத்தில் போகும்போது கீழே பாருங்கள். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மணலும் முள்செடியும்தான் தெரியும். அதற்கும் ஆறு என்றுதான் பெயர். 2021 நவம்பரில் அந்தப் பாலாற்றில் கரை முட்டத் தண்ணீர் வந்தது. மாடி ரூமில் இருந்த கல்கத்தாப் பையன் ஒருவன், "ஆன்ட்டி, ஊரே பாலத்துக்குப் போகுது, என்ன ஆச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டான். அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டி. முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் குங்குமத்தை எடுத்து, கையை நீட்டித் தண்ணீர்ப் பக்கமாகத் தூவினார். காற்றில் பாதி அவர் மேலேயே விழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வந்துட்டியாம்மா" என்றார். கங்கைக் கரையில் வளர்ந்த பையன் அவன், ஆற்றில் தண்ணீர் வந்ததற்கு ஒரு ஊரே அழுததை அவன் பார்த்தது அன்றைக்குத்தானாம். அதற்குப் பிறகு ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கும் பழக்கத்தை அவனே விட்டுவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சு

எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சு வெளியூர்க் காதுக்குச் சண்டை மாதிரி இருக்கும். "இன்னாபா, இன்னா வோணும்?" என்று கடைக்காரர் கேட்டால் கோபமாகக் கேட்கிறார் என்று அர்த்தமில்லை. வயதானவர்கள் "வா, போ" என்றால் உரிமையில் சொல்வது. ஆனால் திரும்ப நீங்கள் அப்படிப் பேசக் கூடாது. அண்ணா, அக்கா, அம்மா, ஐயா. முஸ்லிம் கடைக்காரர் என்றால் பாய். இந்த ஐந்து சொல் போதும், தமிழ் தெரியாத பிள்ளைகள்கூடச் சமாளித்துவிடலாம்.

தெற்கிலிருந்து வருகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் காட்பாடிப் பக்கம் பாதி வீட்டில் தெலுங்கு புரியும். டவுனுக்குள் உருது பேசுகிற குடும்பங்கள் நிறைய. கான்பூர்ப் பையன் ஒருவன் லாங்கு பஜாரில் பக்கெட் வாங்கப் போய், கடைக்கார பாயுடன் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தான். அவன் இந்தியும் அவர் உருதும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ரம்ஜான் மாதம் முழுக்க அவனுக்கு அந்த வீட்டு நோன்புக் கஞ்சி.

எல்லாச் சாமானையும் ஒரே நாளில் பெரிய கடையில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். டீக்கு ஒரு கடை, ஜெராக்ஸுக்கு ஒரு கடை, துணி தைக்க ஒரு டெய்லர் என்று பிடித்துக்கொண்டு அங்கேயே போங்கள். மூன்றாம் மாதம் காய்ச்சலில் படுத்தால், "அந்தக் கண்ணாடி போட்ட பையனை நாலு நாளா காணோமே" என்று முதலில் கேட்கப்போவது அந்த டீக்கடை அண்ணன்தான். கடன் மட்டும் வைக்காதீர்கள். என்னிடமும்தான்.

கோட்டைக்கு இரண்டாவது தடவை

முதல் தடவை எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். எடுங்கள். இரண்டாவது தடவை ஒரு வேலை நாள் சாயங்காலம், ஐந்து மணிக்கு மேல், கையில் எதுவும் இல்லாமல் போங்கள். அகழிப் பக்கப் புல்வெளியில் ரிட்டயர்டு வாத்தியார்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற குடும்பங்கள், சுண்டல் விற்கிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். வயதானவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி எப்ப வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்" என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அதில் கடைசி ஒன்றை ஊர் ஜனங்களே மாற்றினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் அது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த நாளைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் கண்ணை அகல விரித்துச் சொல்வார்கள். அதே கோட்டைக்குள் சர்ச்சும் இருக்கிறது, மசூதியும் இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்ததும் இங்கேதான், 1857க்கு அரை நூற்றாண்டு முந்தி. மக்கான் சிக்னலில் அதற்கு நினைவுத்தூண் நிற்கிறது. பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டிப் போகிற பிள்ளைகளுக்கே அது என்ன தூண் என்று தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

ரூம்

ஹாஸ்டலை விட்டு வெளியே ரூம் எடுக்கிறவர்கள், வாடகையையும் அட்வான்ஸையும் மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். தண்ணீர் மோட்டார் யார் போடுவது, கரண்டுக்கு யூனிட் கணக்கா மொத்தமா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், அப்பா அம்மா வந்தால் தங்கலாமா, காலி செய்யும்போது பெயின்ட் என்று எவ்வளவு பிடிப்பார்கள். இவ்வளவையும் முதல் நாளே கேட்டு ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்காரர் நல்லவராகவே இருந்தாலும் எழுதுங்கள்.

அடுத்து, குடி வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கதவையும் எதிர்வீட்டுக் கதவையும் தட்டிப் பெயரும் ஊரும் சொல்லிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாததால் என் மாடியிலேயே ஒரு வருத்தம் நடந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாருக்கோ பிறந்த நாள். கேக், கத்தல், படிக்கட்டு முழுக்க நுரை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஆஸ்துமா, அப்போதுதான் மாத்திரை போட்டுத் தூங்கியிருக்கிறார். காலையில் அவர் மகன் வந்து போலீசுக்குப் போவேன் என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பையன்கள் நான்கு பேரையும் உட்கார வைத்து, போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். போனார்கள். தலை குனிந்து நின்றார்கள், திரும்பி வந்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். "இது முதல் தடவை. சாயங்காலம் மறுபடி போங்க, ராத்திரி தூங்கினாரான்னு கேளுங்க" என்று சொன்னேன். முனகிக்கொண்டுதான் போனார்கள். ஏழு மணிக்குப் போனவர்கள் ஒன்பதரைக்குத்தான் வந்தார்கள். பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், காட்பாடி ஜங்ஷன் கதைகளை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மறுநாளிலிருந்து அவருடைய இன்ஹேலர் வாங்கி வருவது அந்தப் பையன்களின் வேலை ஆகிவிட்டது. அடுத்த பிறந்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் நடந்தது.

மார்ச் மாதம் தெருவில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகள் இருக்கும். அந்த மாதம் ஸ்பீக்கர் வேண்டாம். முடிந்தால் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். அதைவிடச் சீக்கிரமாக ஒரு தெருவின் மனசுக்குள் போக எனக்கு வழி தெரியாது.

பஸ்ஸில் வருகிறவர்களை விட்டுவிடாதீர்கள்

இது என் சொந்த வலி. நான் படித்தபோது கடைசி மணி அடித்ததும் ஓடினால்தான் குடியாத்தம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். நாடகம், கோலப் போட்டி, பாட்டு ஒத்திகை எல்லாம் சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வசதியான நேரத்தில். மூன்று வருடத்தில் ஒரு ஆண்டு விழாவைக்கூட நான் கடைசி வரை பார்த்ததில்லை. கல்லூரி என்றால் எனக்கு வகுப்பும் பஸ் ஸ்டாண்டும்தான்.

இன்றைக்கும் அப்படித்தான். ஆரணி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று சுற்றுப்பட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் தனி, ஹாஸ்டல் பிள்ளைகள் தனி. ஊரும் கல்லூரியும் பிரிந்து நிற்பது கேட்டில் மட்டும் இல்லை, வகுப்பறைக்குள்ளேயே நிற்கிறது. நீங்கள் எந்தச் சங்கத்திலாவது பொறுப்பில் இருந்தால் ஒத்திகையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள். வாரத்தில் ஒரு நாள் மாற்றினால்கூடப் போதும். வருடத்தில் ஒரு தடவையாவது பஸ்ஸில் வருகிற தோழன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. என் தோழி ஒருத்தி, நாகர்கோவில்காரி, இரண்டாம் வருடம் அதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மன் சிரசு தெருவில் வரும்போது கூட்டத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் வருடா வருடம் அந்த நாளில் போன் செய்வாள்.

ஊர்த் திருவிழாக்கள் இன்னும் உண்டு. மாசியில் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, சித்ரா பௌர்ணமிக்குப் புஷ்பப் பல்லக்கு. ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள், யாரும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். பொங்கலை ஒட்டிக் கிராமங்களில் எருது விடும் விழா, அதற்குப் போனால் தடுப்புக்கு வெளியே மட்டும்.

ஆஸ்பத்திரி

வேலூரை மற்ற ஊர்களிலிருந்து பிரிப்பது இது. பெரிய ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்கிற சி.எம்.சி.யை, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை, அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அங்கே படிக்கிற பிள்ளைகளை ஆரம்பத்திலேயே கிராமத்தில் தங்க வைக்கிறார்கள். படிப்பும் ஊரும் அங்கே சேர்ந்தே வளர்ந்தன. இன்றைக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்தால் லாட்ஜ், மெஸ் போர்டெல்லாம் வங்காளியில் எழுதியிருக்கும்.

தன்பாத்திலிருந்து வந்து படித்த பையன் ஒருவன் என்னிடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் ரயிலில் வந்து இறங்கிய அம்மாவும் மகளும் மெஸ் வாசலில் நின்று எதையோ கேட்டார்கள். எனக்கு "கிச்சடி" என்ற சொல் மட்டும் புரிந்தது, ரவா கிச்சடி எடுத்து வைத்தேன். அந்த அம்மா தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். அவன்தான் எழுந்து வந்து, "ஆன்ட்டி, அவங்க கேட்டது அரிசி பருப்பு, குழைவா, மிளகாய் இல்லாம. அந்தப் பொண்ணுக்கு வயித்துல ஆபரேஷன்" என்றான். குக்கரில் ஒரு கப் அரிசிக்கு அரை கப் பாசிப்பருப்பு, மஞ்சள், உப்பு, ஐந்து விசில். அவனே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தான். மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், எந்த வரிசை, எந்தச் சீட்டு என்று காட்டிவிட்டு வந்தான். மூன்று வாரம் அந்தக் கிச்சடி என் அடுப்பில் தினமும் வெந்தது. இப்போதும் கேட்கிறவர்களுக்குச் செய்கிறேன்.

உங்களுக்கு இந்தியோ வங்காளியோ தெரியும் என்றால், ஊருக்கு நீங்கள் தரக்கூடியதில் அதுவே பெரியது. ஆனால் டாக்டர் சொல்வதை நீங்களாக விளக்க வேண்டாம். வழி காட்டுங்கள், சீட்டைப் படித்துச் சொல்லுங்கள், அவ்வளவு போதும். லாட்ஜுக்கும் மருந்துக்கும் ஆள் பிடித்துக் கமிஷன் வாங்குகிறவர்கள் உண்டு. உங்களையும் கூப்பிடுவார்கள், போகாதீர்கள்.

ரத்தம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ராத்திரி கண் விழித்துப் படித்துவிட்டும் போகாதீர்கள். போகிற அன்று சொன்னால் ஏழு மணிக்கே இட்லி போட்டுத் தருவேன்.

சர்வே பேப்பர்

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். பிராஜக்ட் என்று தாளை எடுத்துக்கொண்டு வருவீர்கள். இளவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் போடுகிறவரிடம், குடியாத்தத்துத் தறிக்காரரிடம், மார்க்கெட்டில் பூ கட்டுகிற அம்மாவிடம் வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்பீர்கள். அவர்களும் வேலையை விட்டுப் பதில் சொல்வார்கள். அப்புறம் ஒருவரும் திரும்பி வருவதில்லை. என் பெரியப்பா தறி நெய்தவர். "நாலு காலேஜ் வந்து எழுதிட்டுப் போச்சும்மா, என்ன எழுதினாங்கன்னு யாரும் சொல்லல" என்று சாகும் வரை சொன்னார்.

மார்க் வந்ததும் மறுபடி ஒரு தடவை போங்கள். எழுதியதைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி அவர்கள் கையில் கொடுங்கள், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவர்கள் திருத்துவார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஏழு நாள் ஒரு கிராமத்தில் போய்த் தங்குகிறவர்களும் அப்படித்தான். கோயில் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தால் போதாது, நட்ட செடி என்ன ஆயிற்று என்று ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சொல்கிறேன். புதுப் பிள்ளைகள் வருகிற மாதம் வாடகையை ஏற்றுவது, மொழி தெரியாதவனிடம் இரண்டு மடங்கு கேட்பது, என்ன தப்பு நடந்தாலும் "எல்லாம் காலேஜ் பசங்கதான்" என்பது, இதெல்லாம் நம் பக்கத்துத் தப்பு. அந்தப் பிள்ளைகள் வரவில்லை என்றால் காந்தி நகரில் பாதிக் கடை திறக்காது. 2020இல் கல்லூரி மூடியபோது அதைக் கண்ணால் பார்த்தோம். அடுப்பு பற்றவைக்காமல் நான் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில், பழைய பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் போன் செய்து, "அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்டார்கள்.

வெயிலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இதை வெயிலூர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏப்ரல், மே மாதத்தில் நாற்பது டிகிரி சர்வசாதாரணம். பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெளியே அலையாதீர்கள், நுங்கும் மோரும் குடியுங்கள்.

ஊரை விட்டுப் போகும்போது

கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கே மூட்டை கட்டாதீர்கள், இரண்டு நாள் ஒதுக்குங்கள். கட்டில், பக்கெட், ஃபேன் எல்லாம் ஜூனியருக்குக் கொடுங்கள், தெருவில் போட்டுவிட்டுப் போக வேண்டாம். டீக்கடை, ஜெராக்ஸ் கடை, டெய்லர் என்று ஒவ்வொரு இடமாகப் போய், "ஊருக்குப் போறேண்ணா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா அம்மா வந்தால் அவர்களையும் அந்தக் கடைகளுக்குக் கூட்டிப் போங்கள். டீக்கடைக்காரர் உங்களைப் பற்றி உங்கள் அம்மாவிடம் சொல்ல நிறைய வைத்திருப்பார்.

ரயில் என்றைக்கு என்று எனக்கு முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்குள் சொல்லிவிடுங்கள். ஹவுரா வரை போகிறவர்களுக்குப் புளிசாதம் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, வாழையிலையில் கட்டித் தருவேன், மறுநாள் மத்தியானம் வரை தாங்கும். தயிர்சாதம் கேட்காதீர்கள், மே மாதத்தில் கெட்டுவிடும். பாத்திரத்தில் வேண்டும் என்றால் அதுவும் தருகிறேன். அடுத்த தடவை வரும்போது திருப்பிக் கொண்டுவாருங்கள்.